பின்னல் போடக் கை தூக்க முடியவில்லை

கேள்வி: வயது 54, சர்க்கரை உண்டு. நாலு மாதமாக வலது தோள் வலி, பின்னல் போட முடியவில்லை. கையை அசைக்காமல் வைத்திருந்தால் சரியாகுமா? - வாசகி, மாம்பலம்

பதில்: அசைக்காமல் வைத்தால் தோள் இன்னும் இறுகும், அம்மா. சர்க்கரை உள்ளவர்களுக்கு ‘உறைந்த தோள்’ அதிகம் வரும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். முதலில் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். அடுத்து, விரல்களால் சுவரில் பல்லி மாதிரி ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். என் அம்மா போட்ட கோடுகள் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கின்றன. ஸ்விட்ச் போர்டைத் தாண்டவே அவருக்கு ஏழு வாரம் ஆனது. இழுப்பு தெரியலாம், ராத்திரி தூக்கம் கெடுமளவு வலித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஓரிரு வருடம்கூட.