ஆச்சி வீட்டு ஓலைப்பெட்டிகளைப் புது வீட்டில் எப்படி வைப்பது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஆச்சி வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். அரங்கில் (சாமான்கள் வைக்கும் உள்ளறையில்) இருந்த ஏழு ஓலைப்பெட்டிகள், இரண்டு நார்ப்பெட்டிகள், ஒரு சுளகு (முறம்), ஒரு மூங்கில் கூடை, தானியம் அளக்கும் மரக்கால், நாழி, பெயர் பொறித்த பித்தளைச் செம்பு ஆகியவற்றைப் பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெட்டிகளில் பூஞ்சை வாடை அடிக்கிறது. கூடையிலிருந்து மாவு போல ஏதோ உதிர்கிறது. வார்னிஷ் அடித்தால் நீடிக்கும் என்கிறார்கள். கூடத்தை இவற்றால் அலங்கரிக்க ஆசை; ஆனால் சாமான் அறை போலத் தோன்றக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: வார்னிஷ் அடிக்காதீர்கள். பனையோலை காற்றின் ஈரத்தை வாங்கிச் சற்றே உப்பும், உலர்ந்தால் சுருங்கும். மேலே பூசிய வார்னிஷ் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடித்து, உரியும்போது ஓலையின் மேல்தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். நாளடைவில் மஞ்சளித்துப் போவதோடு, ஓலைக்குள் ஊறிவிட்ட வார்னிஷைப் பிறகு எடுக்கவே முடியாது.

அலங்காரத்தை யோசிக்கும் முன் அந்த மூங்கில் கூடையை மற்றவற்றிலிருந்து இன்றைக்கே தனியே பிரித்து வையுங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் சிறு வண்டுகளின் வேலை அது. கூடையைத் தட்டி, துடைத்து, ஒரு கறுப்புத் தாளின்மேல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாகப் பொடி விழாவிட்டால் அது பழைய சேதமாக இருக்கலாம். ஆனாலும் மேலும் சில வாரங்கள் தனியாகவே இருக்கட்டும். பொடி விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். வெயிலில் காய வைப்பது நம் ஊரில் வழக்கமான வைத்தியம் என்றாலும், அதில் நார் முறுகிப்போகும், சாயமும் வெளுத்துவிடும். கூடையைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாகக் கட்டி, −18 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்பதே நான் சொல்லும் வழி. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாமல் ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டுவிட வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த மூங்கிலின்மேல் நீர் படிந்து பூஞ்சை பிடிக்கும். பூணும் மூட்டும் போட்ட மரச் சாமான்களுக்கு இந்த முறை வேண்டாம்.

ஓலைப்பெட்டிகளை முகக்கவசம் அணிந்துகொண்டு, காற்றோட்டமான நிழலில் வைத்து, மென்மையான தூரிகையால் பின்னலின் போக்கிலேயே துடையுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். சிவப்பும் ஊதாவும் கலந்த பழைய பெட்டிகளில் சாயம் கசியக்கூடும் என்பதால், ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே எதையும் செய்யுங்கள். கருப்பட்டி வைத்திருந்த பெட்டி என்றால் இடுக்குகளில் படிந்த இனிப்பு எறும்பை அழைக்கும். அதை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும். கோணிப்போன பெட்டியைக் கையால் நிமிர்த்த முயன்றால் காய்ந்த ஓலை முறிந்துவிடும். பெட்டி முடைபவர்கள் ஓலையை ஈரப்படுத்தி இளக்கிக்கொண்டுதான் முடைகிறார்கள்; அதே வழியைச் சற்று நிதானமாகப் பின்பற்றலாம். பூஞ்சையை முழுவதும் துடைத்தெடுத்த பிறகு, மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈரத்துணியைப் போட்டு, அது பெட்டியில் படாதபடி நடுவே ஒரு கம்பித் தட்டை வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் மூடிவையுங்கள். ஓலை இளகியதும் உள்ளே பருத்தித் துணியை அடைத்து வடிவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலரவிடுங்கள். இரவு முழுக்க மூடி வைத்தால் பூஞ்சை திரும்பி வந்துவிடும். பனை மட்டையிலிருந்து உரித்த நாரால் பின்னிய நார்ப்பெட்டிகள் உறுதியானவை என்பதால் அவற்றுக்குத் தூசி தட்டுவதே பெரும்பாலும் போதும்.

செம்பைப் பற்றி எனக்கு உள்ள கவலை வேறு. பித்தளையில் புள்ளிப் புள்ளியாகக் குத்தி எழுதிய பெயர் ஆழமற்றது. கடைகளில் இயந்திரத்தால் மெருகேற்றினாலோ, வீட்டில் மண்ணும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தாலோ அந்த எழுத்து மழுங்கிப்போகும். உங்கள் ஆச்சியின் பெயரோ அவருடைய தாயின் பெயரோ அத்தோடு போய்விடும். பூசைக்கு எடுக்கும் விளக்கைப் புளி போட்டு விளக்குவது வழக்கம், அது தொடரட்டும். இந்தச் செம்புக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தில் மட்டும் புளிக்கரைசலைத் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். புளி தங்கினால் மறுபடியும் களிம்பேறும்.

இனி கூடத்துக்கு வருவோம். ஏழு பெட்டிகளையும் ஒரே சமயத்தில் பரப்பினால் நீங்கள் அஞ்சுகிற சாமான் அறைதான் வரும். மூன்றை மட்டும் எடுத்து, பெரியது பின்னாலும் சிறியது முன்னாலுமாக ஒரு தாழ்ந்த மரப்பலகையில் வைத்து, சுற்றிலும் வெறும் இடம் விடுங்கள். மற்றவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்காமல், பருத்தித் துணியில் சுற்றி எடுத்துவைத்து, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சத்தில் இருந்த பெட்டிகளுக்கும் அதனால் ஓய்வு கிடைக்கும். பலகையின்மேல் சாயமிடாத பத்தமடைக் கோரைப் பாயை விரித்தால், பெட்டியின் பழுத்த நிறம் தனியே எடுத்துக்காட்டும்.

மரக்காலையும் நாழியையும் பிரிக்காமல் அருகருகே வையுங்கள். எட்டு நாழி ஒரு மரக்கால் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே தெரிந்துகொள்வார்கள். சுளகை அதன் விளிம்பில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் முழுப் பாரமும் ஒரே இடத்தில் இறங்கிப் பின்னல் பிரியும். கீழே குறுகிய மரச்சட்டத்தை வைத்து அதன்மேல் சாய்த்து நிறுத்துங்கள்.

பிற்பகல் வெயிலில் சூடேறும் மேற்குச் சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. எந்தச் சுவரானாலும் ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை பெட்டிகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெட்டிக்குள் பூந்தொட்டியோ பழமோ வைக்க ஆசையாக இருந்தால், மணப்பாட்டுப் பக்கம் முடையும் புதுப் பெட்டி ஒன்றை அதற்கென்று வாங்கிக்கொள்ளுங்கள். முடைபவர்களுக்கும் அதில் வேலை கிடைக்கும்.

அரங்கில் மீதமுள்ளவற்றை அலசும்போது ஓலைச்சுவடி கிடைத்தால் அதை அலங்காரப் பொருளாக ஆக்கிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுப் பழமையான கையெழுத்துப் பிரதிகளையும், 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருட்களையும் தொல்பொருளாகக் கருதுகிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய உலோகச் சிலை இருந்தால் பதிவு செய்வது கட்டாயம். ஆதிச்சநல்லூர் உள்ள நாடு இது என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வீட்டை இடிப்பதற்கு முன் ஒருமுறை போய், ஒவ்வொரு பெட்டியும் அரங்கில் எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதில் விதை இருந்தது, எதில் சீர்ப் பலகாரம் வந்தது, எதை யார் முடைந்தார் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சிறு அட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலால் அந்தந்தப் பெட்டியிலேயே கட்டிவிடுங்கள். பசை நாடா ஒட்ட வேண்டாம். அதன் பசை ஓலையை விட்டுப் போகாது.