ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, ஆஸ்துமா உண்டு. கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது. கருத்த தோலில் அது தப்பாகக் காட்டும் என்கிறார்களே, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். கொஞ்சம் கூட்டிக் காட்டும் தராசு என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

விரலுக்குள் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் விழுங்கும்; அந்த வித்தியாசத்தைத்தான் கருவி சதவீதமாக்கித் தருகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை விழுங்குமே, கருவியைச் செய்தவர்கள் அதைக் கணக்கில் கொண்டார்களா? அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ 2013இல் தந்த வழிகாட்டுதலின்படி, பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் அதில் இரண்டு பேர் கருத்த தோலினராக இருந்தால் போதும்.

விளைவு 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம். யாருக்கு ஆக்சிஜன், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது. நம்மவர் தோலுக்கு அதே சதவீதத்தைப் பொருத்திவிட முடியாது. பிழை சாய்வது மட்டும் அதே பக்கம்தான்.

உங்கள் நியூஹாம் பகுதியில்தான் 2020 மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் 17 வரை இங்கிலாந்திலேயே மிக அதிகமான கோவிட் இறப்பு விகிதம் பதிவானது. அந்தப் பழியை இந்தச் சின்னக் கருவியின் மீது போட மாட்டேன். நெருக்கமான வீடுகளும் வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளும் முன்னால் நிற்கின்றன.

அம்மா நன்றாக இருக்கும் நாட்களிலேயே அளந்து, காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைச் சூடாக்கி, நெஞ்சின் மீது வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். ஜனவரிக் குளிரில் வெளியே போய்வந்த விரல் எதை வேண்டுமானாலும் காட்டும்!

கோவிட் நோயாளிகளுக்கு பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொன்ன கணக்கு: 95 அல்லது அதற்கு மேல் இயல்பு, 93 அல்லது 94 என்றால் மருத்துவ ஆலோசனை எண் 111, 92 அல்லது அதற்கும் கீழே என்றால் அவசர எண் 999. மருத்துவர் அம்மாவுக்கென்று தனி அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், எண் 96 என்றாலும் 999தான். உதடு நீலமாகிறதா என்று கேட்பார்கள். நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது. நாக்கையும் உள்ளங்கையையும் பாருங்கள்.

தொலைபேசியில் “94 இருக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வழக்கமாக 98, இன்று 94, தோல் கருப்பு, பேச முடியவில்லை” என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். கொஞ்சம் வலிக்கும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.