பழைய ஜீப்புக்குள் சாமான் பெட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

தண்டையார்பேட்டையில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி, 2020க்கு முந்தைய தார், பொலேரோ, இந்த வண்டிகளுக்குள் பெட்டி, டிராயர், தட்டு செய்து கொடுப்பதுதான் இப்போது பாதி வேலை. கேள்வி இருந்தால் கேளுங்கள். வண்டி எது, உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு வசதி. "பெட்டி அடிக்க எவ்வளவு ஆகும்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும்.

பிரபு, மாதவரம்: அண்ணே, 2004 ஜிப்ஸி, ஹார்ட் டாப். பின் சீட்டைக் கழற்றிவிட்டு முழுக்க டிராயர் போடலாம் என்று ஆசை. பிளைவுட்டா, இரும்பா, அலுமினியமா?

தம்பி, முதலில் எடையைப் பாருங்கள், அழகு அப்புறம். 8க்கு 4 அடி பலகைக் கணக்கில் சொல்கிறேன். 18 எம்எம் பிளைவுட் ஒரு பலகை 35 கிலோவைத் தாண்டும். 12 எம்எம் என்றால் கிட்டத்தட்ட 25 கிலோ. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 எம்எம் தடிமனுள்ள இரும்புத் தகடு 28 கிலோ. 2 எம்எம் அலுமினியம் 16 கிலோதான். மரம் என்றால் லேசு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு முழு டிராயரையும் 18 எம்எம்மில் அடித்துவிடுகிறார்கள், இரண்டரை பலகை போய்விடும், ஒரு ஸ்பேனர்கூட வைப்பதற்கு முன்னாலேயே 90 கிலோ. ஊருக்குப் போனாலும் பால் வாங்கப் போனாலும் ஒரு தடித்த மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிற மாதிரிதான். லீஃப் ஸ்பிரிங் படுத்துவிட்டது என்று அப்புறம் வந்து நிற்பார்கள்.

நான் செய்வது இதுதான்: ஒரு அங்குல ஸ்கொயர் பைப், 16 கேஜ் (சுமார் 1.6 எம்எம் தடிமன்), அதில் கூடு. மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்தான் வரும். மேலே படுக்கவோ சாமான் ஏற்றவோ வேண்டும் என்றால் மேல்தட்டுக்கு மட்டும் 12 எம்எம் பிளைவுட், பக்கங்களுக்கு 6 எம்எம் போதும். கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது, பக்கப் பலகை வெறும் திரை.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள், அதுதான் மரைன் கிரேடு. வெட்டின விளிம்பை அப்படியே விடாதீர்கள், தண்ணீர் குடிப்பது அந்த விளிம்பு வழியாகத்தான். வார்னிஷோ எபாக்ஸியோ விளிம்புக்கு மட்டும் இரண்டு மூன்று கோட் கொடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது கட்டாயம்.

அதே பிரபு: சீட்டைக் கழற்றினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை இருக்கிறது, உங்கள் வண்டியில் அது இல்லை என்றால் கேள்வி கேட்பார்கள். அதுவும் 15 வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பிக்க நேரில் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் பெட்டியைக் கழற்றிவிட்டு சீட்டை மாட்டும்படி நாலு போல்ட்டில் நிறுத்துங்கள், சீட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஜோசப், ராயபுரம்: எம்எம்540 வைத்திருக்கிறேன். பெட்டியை பாடியோடு வெல்டிங் வைத்துவிடலாம், ஆடாது என்கிறார் எங்கள் டிங்கர்.

டிங்கரிடம் வணக்கம் சொல்லுங்கள், வெல்டிங் மட்டும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழைய ஜீப்பின் தளத்தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதில் சூடு ஏற்றினால் அடிப்பக்கத்து பெயின்ட் எரிந்து, அந்த இடத்திலிருந்தே துரு ஆரம்பிக்கும், மேலே பெட்டி மூடியிருப்பதால் ஓட்டை விழுகிற வரை கண்ணில் படாது.

போல்ட்தான். சீட் கழற்றின இடத்தில் கம்பெனி ஓட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அந்த இடம் ஏற்கெனவே பலப்படுத்தப்பட்டது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் பெட்டியைச் சேர்த்து மாட்டாதீர்கள், அது ஆளுக்கு. புது ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் தளத்துக்கு அடியில் 3 அங்குலச் சதுரத்தில் 3 எம்எம் பட்டைத் தகடு வைத்து, எம்8 போல்ட், 8.8 கிரேடு. வெறும் வாஷர் போட்டால் அடி விழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி மோதி, அரை மீட்டர் சொச்சத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கிற சாமான் தன் எடையைப்போல 15 மடங்குக்கு மேல் முன்னால் தள்ளும். 40 கிலோ பெட்டி 600 கிலோவாக முதுகில் வந்து நிற்கும். ஆடாமல் இருப்பதற்காக அல்ல, இதற்காகத்தான் போல்ட்.

டிரில் எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் குழாய், ஒயரிங், டேங்க், எல்லாம் எங்கே என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஜிப்ஸிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்களுக்குப் பின் தளத்துக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க். பழைய சிஜே3பி மாதிரி ஜீப்பில் டிரைவர் சீட்டுக்குக் கீழே. ஓட்டை போட்ட பிறகு இரும்புத் தூளைத் துடைத்து எடுத்துவிட்டு, ஓட்டையின் உள்விளிம்புக்கு ரெட் ஆக்சைடு (துரு தடுக்கிற பிரைமர்) தொட்டு வைத்து, அப்புறம்தான் போல்ட்.

கலைச்செல்வி, திருவொற்றியூர்: எங்களிடம் பொலேரோ. காசிமேட்டில் மீன் வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறோம். ஐஸ் தண்ணீர் கசிந்து கார்ப்பெட் நாறுகிறது, அடியில் துருவும் பிடித்துவிட்டது. இதற்கென்று தனியாகப் பெட்டி செய்ய முடியுமா?

செய்யலாம் அக்கா, அதுவும் நம் ஏரியாவில் இதற்கு என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களிடம் சொல்லுங்கள். 9 எம்எம் பிளைவுட்டில் பெட்டியை நான் அடித்துத் தருகிறேன், உள்ளே மூலை எல்லாம் வளைவாக இருக்கும்படி புட்டி வைத்து, ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் இரண்டு அடுக்கு அவர்கள் போட்டால் தண்ணீர் வெளியே போக வழியே இல்லை. மூலை கூராக இருந்தால் மேட் அங்கே ஒட்டாமல் காற்று நிற்கும், முதலில் விரிவது அந்த இடம்தான். பிளைவுட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியின் அடி ஒரு மூலையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கட்டும். அந்த மூலையில் முக்கால் அங்குலக் குழாயும் மூடியும். வீட்டுக்கு வந்ததும் வெளியே நிறுத்தித் திறந்துவிடுங்கள், ஓடும்போது திறக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் சேஸிஸ் மேல் ஒழுகும். இப்போது இருக்கிற கார்ப்பெட்டைத் துவைத்துப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டு துருவைச் சுரண்டி பெயின்ட் அடியுங்கள். அதன் மேல் ரப்பர் மேட் விரித்தால் போதும்.

இம்தியாஸ், வியாசர்பாடி: அளவு எடுத்துத்தான் பெட்டி அடித்தார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. எங்கே தப்பு?

டேப்பில் உள் அகலத்தை மட்டும் அளந்திருப்பார்கள். பின் கதவின் வாய் உள் அகலத்தைவிடக் குறுகல் பாய், அதிலும் ரப்பர் பீடிங், கதவுக் கொக்கி இரண்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வாயை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேலே, நடுவே, கொக்கி இருக்கிற மட்டத்தில். பெரிய பெட்டி வேண்டும் என்றால் இரண்டு துண்டாகச் செய்து உள்ளே வைத்துச் சேர்க்கலாம்.

இன்னொன்று, பழைய வண்டி எதுவும் சதுரமாக இல்லை. எங்கேயாவது தட்டி நிமிர்த்தியிருப்பார்கள், இடது பக்கச் சக்கர வளைவும் வலது பக்கமும் ஒன்றாக இருக்காது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக அச்சு வெட்டுங்கள். 'இ', 'வ' என்று எழுதி வையுங்கள், அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் அதையே வரைய ஆசை வரும், வேண்டாம். பெட்டிக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், குழிகளில் பாடி முறுக்கும்போது பெட்டி உரசாது. இப்போது கையில் இருக்கிற பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், கொண்டு வாருங்கள், நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் போல்ட்டில் சேர்க்க ஃபிளாஞ்ச் (விளிம்புப் பட்டை) வைத்துத் தருகிறேன்.

சரவணன், கொருக்குப்பேட்டை: கிச்சன் டிராயர் சேனல் போட்டால் தாங்குமா?

வீட்டுக்குப் போடுகிற 45 எம்எம் பால் பேரிங் சேனல் பெரும்பாலும் 35, 45 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். அது ஆடாத சமையலறையில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் உழுதுவைத்த குழிகளில் பாதி பாரத்தைத்தான் அதன் மேல் வைப்பேன். பழவேற்காடு மணலில் ஓட்டுகிறவர் என்றால் அதுவும் வேண்டாம், கிரீஸில் மணல் ஒட்டி, இழுக்கும்போது நறநற என்று, கொஞ்ச நாளில் பால்ஸ் ஒவ்வொன்றாக உதிரும்.

எனக்குப் பிடித்தது சேனலே இல்லாத டிராயர். கூட்டின் மேல் 10 எம்எம் எச்டிபிஇ பட்டை, கட்டிங் போர்டு செய்கிற அதே பிளாஸ்டிக், அதைத் தலை வெளியே நீட்டாத கவுன்டர்சங்க் ஸ்குரூவில் பிடித்துவிட்டு டிராயர் அதன் மேல் வழுக்கட்டும். மணல் வந்தால் துணியால் துடை, முடிந்தது. முழுக்க வெளியே இழுத்தால் விழுந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை, பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். முன்னால் இழுத்து அழுத்துகிற கிளாம்ப் மாதிரி பூட்டு போடுங்கள். வெறும் தாழ்ப்பாள் என்றால் ஊர் முழுக்க தடதடவென்று கேட்கும்.

ஜோசப், ராயபுரம்: அலுமினியத் தகடு போட்டால் துருவே வராது, இல்லையா?

அலுமினியம் இரும்பைத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புக் காற்று ஈரமும் இருந்தால் அலுமினியம்தான் கரையும். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். கூட்டுக்கு நன்றாக பெயின்ட், தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் டேப், போல்ட்டுக்கு நைலான் வாஷர். எஸ்எஸ் போல்ட் போட்டாலும் வாஷர் வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர், மணலி: பெட்டிக்குள்ளேயே 5 கிலோ கேஸ் சிலிண்டர், ஒரு கேன் பெட்ரோல், இரண்டும் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும், பக்கத்தில் பேட்டரி ஒயர் ஒரு பொறி விட்டால் போதும். இதற்கு நான் பெட்டி செய்து தருவதில்லை.

கலைச்செல்வி, திருவொற்றியூர்: தளத்துக்குள் பள்ளமாக இடம் இருக்கிறது, அங்கே கருவிகள் வைக்க ஒரு பெட்டி வேண்டும். தண்ணீர் வருமா?

வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததே, தளத்தில் பெட்டி வைத்திருந்தவர்களின் ஸ்பேனர் செட் எல்லாம் கறுப்புப் பிசினாகத்தான் கிடைத்தது. அடிப்பெட்டிக்கு நாலு மூலையிலும் ஓட்டை போட்டு ரப்பர் அடைப்பான் வைக்கிறேன், தண்ணீர் வந்தால் பிடுங்கி வடித்துவிடலாம். ஜாக், இழுக்கிற சங்கிலி, ஷாக்கிள் மாதிரி நனைந்தாலும் துடைத்தால் போதும் என்கிற சாமானை மட்டும் அங்கே வையுங்கள். கனமானவை கீழே இருப்பது வண்டிக்கும் நல்லது, முடிந்தால் பின் அச்சுக்கு முன்னால். முதலுதவிப் பெட்டி, ஆவணங்கள், மல்டிமீட்டர் எல்லாம் சக்கர வளைவுக்கு மேல் தட்டில்.

பிரபு, மாதவரம்: கடைசியாக ஒன்று அண்ணே, மேல் மூடி கையில் விழாமல் இருக்க கேஸ் ஸ்ட்ரட், அதான் கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கிற வாயுக் குழாய், போடலாமா?

பெரிய மூடிக்குப் போடலாம், 100 நியூட்டன் ஒன்று சுமார் 10 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும், ஆனால் கீலுக்குப் பக்கத்தில் மாட்டினால் அந்தத் தள்ளலில் பாதிகூட மூடிக்கு வந்து சேராது. உங்கள் மூடி 8 கிலோகூட வராது. ஒரு கம்பியை வளைத்து முட்டுக் கொடுக்கிற மாதிரி வைத்துத் தருகிறேன், பானெட்டுக்கு இருக்கிறதே அதே மாதிரி. செலவும் மிச்சம்.