கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன், புயலால் இங்கே வந்தேன் என்கிறான். புயலுக்கு யாராவது கடல் தாண்டுவார்களா?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நேராகத் தாண்டுவது குறைவு ஐயா. 2009 மே மாதம் அய்லா புயல் வங்காளதேசத்தின் தென்மேற்கில் உள்ள குல்னா, சாத்கிரா மாவட்ட வயல்களில் உப்புத் தண்ணீரை ஏற்றியது. நெல் விளைந்த பல இடங்களில் இப்போது இறால் குட்டை. அதற்கு ஆள் அதிகம் வேண்டாம். அப்புறம்? பலர் முதலில் டாக்காவுக்குத்தான் போவார்கள். உலக வங்கியின் 2021 அறிக்கையும் பருவநிலை மாற்றத்தால் 2050க்குள் உலகின் பல பகுதிகளில் மொத்தம் 21.6 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரலாம் என்கிறது. கடல் தாண்ட ஏஜெண்டுக்குப் பணம் வேண்டுமே!

என் பக்கத்து லயத்துப் பையன் நிலத்தை அடகு வைத்து வந்தவன். சம்பள நாளில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத்தான் பசியாறுவான். இரண்டு வயது மகளை இன்னும் கைப்பேசியில்தான் பார்க்கிறான். “அண்ணே, சிக்னல் இல்லே” என்று தமிழிலேயே அலுத்துக்கொள்வான்.