போவே திருப்பலி நூலின் ஏடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பணிபுரியும் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில், சட்டமிட்டு மாட்டிய ஒற்றைத் தோல் ஏட்டைப் பார்த்தேன். லத்தீன் எழுத்து, பொன்னிட்ட முதலெழுத்து, கீழே ‘திருப்பலி நூல், பிரான்ஸ், 13ஆம் நூற்றாண்டு’ என்ற அட்டை. கத்தோலிக்கப் பூசைக்குரிய செபங்களும் வாசகங்களும் கொண்ட நூலாம் அது. ஓட்டோ ஈகே என்பவர் இத்தகைய நூல்களை ஏடு ஏடாகப் பிரித்து விற்றவர் என்று நூலகர் சொன்னார். அவர் பிரிக்காமல் இருந்திருந்தால் என்னைப் போன்ற ஒருவர் அதை எங்கே பார்த்திருக்க முடியும்? அவர் செய்தது பிழைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்பது ஈகே தாமே முன்வைத்த வாதம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கலை ஆசிரியராக இருந்த அவர், நூல்களைப் பிரிப்பதை 1938இல் ஒரு கட்டுரையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். முழு நூலை வாங்கச் சிலரால்தான் முடியும், ஓர் ஏட்டைப் பலர் வாங்கலாம், சிறு ஊர்களின் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும்கூட அந்த அழகு போய்ச்சேரும் என்பது அவர் நியாயம். அந்த ஆசையை நான் ஐயப்படவில்லை. ஆனால் இப்படிப் பிரிந்து போவது எது என்பதை, அவர் கைக்கும் ஒரு பகுதி வந்த ஒரு நூலை வைத்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு விளங்கும்.

பிரான்ஸின் போவே நகரத்துத் திருப்பலி நூல் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. அப்பேராலயத்தின் குருக்களுள் ஒருவரான ராபெர் தெ ஆன்ஜே அதைப் பேராலயத்துக்கு விட்டுச்சென்றார். அவர் இறந்தது 1356 நவம்பர் 3. ஆண்டுதோறும் அந்நாளில் தமக்காக நினைவுத் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்பதே அக்கொடையின் நோக்கம். இந்தச் செய்தி நமக்குக் கிடைப்பது 1926இல் லண்டன் சாத்பீஸ் ஏலத்துக்காக அச்சிட்ட விற்பனைப் பட்டியலிலிருந்து. அப்போது நூல் 309 ஏடுகளோடு இருந்தது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் அதை வாங்கினார். 1942இல் அவருடைய சேகரிப்பு விற்பனைக்கு வந்தபோது நியூயார்க் வணிகர் ஃபிலிப் துஷ்னெஸ் வாங்கிப் பிரித்தார், ஒரு பகுதி ஈகேயின் கைக்குப் போனது. ஆறு நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றாயிருந்த நூல் சிதறியது அப்போதுதான்.

திருப்பலி நூலில் ஏடுகளின் வரிசை என்பது திருவழிபாட்டு ஆண்டின் வரிசை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் தொடங்கித் தவக்காலம், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) என்று செல்லும் நாட்களுக்கும், தனியே தொகுத்த புனிதர்களின் திருநாட்களுக்கும் உரிய மன்றாட்டு, வாசகம், நற்செய்தி, பாடல் ஆகியவை அந்தந்த இடத்தில் வரும். எந்தப் புனிதருக்கு இடம் கொடுத்தார்கள், யாருடைய திருநாளை உயர்த்தினார்கள் என்பதிலிருந்துதான் ஓர் ஊர்த் திருச்சபையின் மனத்தை அறிய முடியும். ஓர் ஏட்டின் அடியில் பாதியில் நிற்கும் மன்றாட்டு அடுத்த ஏட்டின் தலையில் முடிகிறது. அந்த இரண்டு ஏடுகளும் இன்று இரு வேறு மாநிலங்களில் இருக்கக்கூடும். சட்டத்துக்குள் இருக்கும் பொன்னெழுத்து நமக்கு அழகைத் தருகிறது, ஆனால் அது எந்த நாளின் செபத்தைத் தொடங்கிவைத்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. நூலைப் பிரித்தவர்கள் அதைப் பிரிப்பதற்கு முன் முழுவதும் படமெடுத்து வைக்கவில்லை. 1942இல் அது செய்யக்கூடிய காரியம்தான். பலருக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் நல்ல படங்களே அதை நிறைவேற்றியிருக்கும். ஒவ்வோர் ஏடும் தனி விலைக்குப் போகும் என்ற கணக்கு இதில் இல்லாமல் இல்லை. ஆகவே என் பதில்: ஆம், பிழைதான். அந்த ஏடு உங்களைப் போன்றவர்களைத் தொட்டது என்பதால் அந்தப் பிழை சரியாகிவிடாது.

ஆயினும் முழுவதும் கைவிட்டுப் போகவில்லை. ஈகே ஐம்பது ஏடுகள் கொண்ட நாற்பது பெட்டிகளைத் தொகுத்தார். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண்ணுள்ள ஏடுகள் ஒரே நூலிலிருந்து எடுத்தவை. 15ஆம் எண் போவே நூலுடையது. எண்ணைக் கொண்டே நூலகம் நூலகமாகத் தேட இது உதவியது. லிசா ஃபேகின் டேவிஸ் என்ற அறிஞர் இவ்வாறு தேடி, 100க்கும் மேற்பட்ட ஏடுகளைக் கண்டறிந்து, அவற்றின் படங்களைப் பழைய வரிசையில் இணையத்தில் அடுக்கிவருகிறார். 2022இல்கூட மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் 75 டாலருக்கு ஓர் ஏடு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃப்ராக்மென்டாரியம் திட்டம், எல்லா நாடுகளின் சிதறிய ஏடுகளுக்கும் இப்படி ஓர் இடம் அமைத்திருக்கிறது. ஏடுகளைத் திரும்ப வாங்கி ஒரே இடத்தில் கட்டவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஒவ்வொரு நூலகமும் தன்னிடமுள்ள ஏட்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்தால் போதும்.

உங்கள் நூலகத்து ஏடு எந்த நூலைச் சேர்ந்தது என்பதை உங்கள் குறிப்பை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. சட்டத்தில் ஒரு பக்கம் எப்போதும் மறைந்தே இருக்கிறது. திருநாளின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கலாம். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் படமெடுக்கும்படி நூலகரிடம் கேளுங்கள். ஏடு ஒட்டியிருக்கும் அட்டையில் ஏதேனும் எண் அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.