வெட்டுறதுக்கு முன்னாடி: வீட்டுத் தையல் கேள்வி பதில்

தலகாணி உறை, துணிப்பை, ஃபால்ஸ், பிளவுஸ் மாதிரி வீட்டுத் தையல்ல கைதவறி நடக்கிற தப்புகளைப் பத்திக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஆரி வேலை, புது டிசைன் பத்திக் கேட்டவங்க அது தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. மத்ததுக்கு, கேட்டவங்க ஏரியா பேரைப் போட்டு, வரிசையா பதில்.

அம்பத்தூர்: அக்கா, கோடவுன் தெருவுல காட்டன் எடுத்து 17-க்கு 27 இன்ச் தலகாணிக்கு உறை தைச்சேன். ஒரு தடவை துவைச்சதும் தலகாணி உள்ளயே போகலை. மூடுற மடிப்பும் வெளிப்பக்கமா வந்துடுச்சு.

ரெண்டு தப்பு நடந்திருக்கும்மா. முதல் தப்பு, நனைக்காம வெட்டினது. தறியில பாவு நூலை, அதாவது நீளவாக்குல ஓடுற நூலை, இழுத்துப் பிடிச்சு நெய்யறாங்க, அப்புறம் கஞ்சி போட்டு நீட்டி மடிக்கிறாங்க. தண்ணி பட்டதும் அந்த இழுப்பு விட்டுடும். அதனாலதான் அகலத்தைவிட நீளத்துல அதிகமா சுருங்குது. புதுக் காட்டன் நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு பங்கு வரைக்கும் சுருங்கும். 27 இன்ச்ல அஞ்சு பங்குன்னா 1¼ இன்ச்சுக்கு மேல. வெறும் தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வெச்சு, முறுக்காம நிழல்ல உலர்த்தி, லேசா ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணி, அதுக்கப்புறம் கத்தரியை எடுங்க.

கணக்கு இப்படி: அகலம் 17, தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை, மொத்தம் 18. பஞ்சு உப்பலா இருந்தா 19. நீளம் 27 ரெண்டு தடவை 54, உள்மடிப்புக்கு 6, ரெண்டு முனையும் மடிச்சு அடிக்க ஒவ்வொரு இன்ச், ஆக 62. 44 இன்ச் அகலத் துணியில 1¾ மீட்டர் வாங்கினா, சுருங்கின பிறகும் ரெண்டு உறை வரும்.

மடிப்பு வெளிய வந்தது வரிசை மாறினதால. ரெண்டு முனையையும் அடிச்சு முடிச்சிட்டு, துணியோட நல்ல பக்கம் மேல பார்க்க விரிங்க. முதல்ல நீளப் பக்கத்தை 27 இன்ச் மடிச்சுப் போடுங்க. மிச்சம் இருக்கிற 6 இன்ச்சை அது மேல கடைசியா மடிங்க. ரெண்டு ஓரமும் தைச்சுத் திருப்பினா மடிப்பு உள்ள போயிடும். நீங்க 6 இன்ச்சை முதல்ல மடிச்சிருப்பீங்க.

பெரம்பூர்: மேல தையல் அழகா இருக்கு, அடியில நூல் கொத்து கொத்தா சிக்குது. அடி நூல் சுத்துற பாபினை மூணு தடவை மாத்திட்டேன்.

பாபினைத் தொடாதீங்க. அடியில சிக்கினா கோளாறு மேல் நூல்ல. துணியை அழுத்துற ஃபுட்டை இறக்கி வெச்சுக்கிட்டு நூல் கோர்த்திருப்பீங்க. அப்ப மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டி இருக்கும், நூல் நடுவுல போகாம வெளியிலயே நிக்கும். ஃபுட்டைத் தூக்கி, முதல்ல இருந்து மறுபடி கோருங்க. ஆரம்பிக்கும்போது ரெண்டு நூல் நுனியையும் பின்னாடி இழுத்துப் பிடிச்சு, நாலு தையல் விழுந்த பிறகு விடுங்க.

திருவொற்றியூர்: பாபின் சுத்தின பிறகு சக்கரம் ஓடுது, ஊசி இறங்க மாட்டேங்குது.

சக்கரத்து நடுவுல இருக்கிற திருகைத் தளர்த்தினீங்க, இறுக்கலை.

வேளச்சேரி: பட்டு பிளவுஸுக்கு உள்பக்கம் டூ பை டூ காட்டன் லைனிங் வெச்சேன். நாலு தடவை போட்டதும் மேல பட்டு தொளதொளன்னு சுருக்கம் விழுது. அளவு தப்பா?

அளவு தப்பில்லை. லைனிங்கை நனைச்சீங்களா? பிளவுஸ் உயரம் 14 இன்ச்னா அஞ்சு பங்குக்கு முக்கால் இன்ச் கிட்ட உள்ள இருக்கிற லைனிங் ஏறிடும். பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது, மிச்சமாகிற பட்டுதான் இடுப்புக்கு மேல மடிப்பா நிக்குது. பிரிச்சு மாத்துறதைத் தவிர இதுக்கு வழி இல்லை.

மயிலாப்பூர்: அக்கா, இதை ஒத்துக்க முடியலை. கடையில தைக்கிற டெய்லர் பல பேர் லைனிங்கை நனைக்கிறதே இல்லை. சூடா அயர்ன் போட்டு வெட்டுறாங்க. பட்டு பிளவுஸை யார் துவைக்கிறாங்க? டிரை க்ளீன்தானே!

தம்பி, வெறும் அயர்ன் துணியைச் சுருக்காது. இழுத்து இழுத்துத் தேய்க்கும்போது இன்னும் நீட்டித்தான் விடும். நீராவி அயர்ன் கொஞ்சம் சுருக்கும், முழுசா சுருக்காது. டிரை க்ளீன்னே வெச்சுக்குவோம். சித்திரை மாசக் கல்யாணத்துல மண்டபத்துல மூணு மணி நேரம் போட்டிருந்தா முதுகும் கைக்குழியும் வேர்வையில நனைஞ்சு பிழியற மாதிரி ஆகும். நம்ம ஊர்ல பிளவுஸ் லைனிங் நனையாம இருக்கவே முடியாது.

மயிலாப்பூர்: ஆலையிலேயே சுருக்கி வர்ற துணி இருக்கே?

இருக்கு. சான்ஃபரைஸ்டுன்னு துணியோட ஓரக் கரையில அச்சடிச்சு வரும். 1930 வாக்குல அமெரிக்காவுல சான்ஃபோர்ட் க்ளூயட் கொண்டு வந்த முறை அது. அந்த எழுத்து இருந்தா நம்பலாம். மீட்டர் கணக்குல கிழிச்சுக் கொடுக்கிற லைனிங்ல அதைப் பார்த்தீங்களா? பார்க்காம நம்ப வேண்டாம். லைனிங் துண்டுல பேனாவால 10 இன்ச் சதுரம் போடுங்க, கரைப் பக்கம் எதுன்னு குறிச்சு வைங்க. ஒரு மணி நேரம் ஊற வெச்சு, காய வெச்சு, நீட்டாம தேய்ச்சு, மறுபடி அளங்க. வர்ற எண்ணை இங்க சொல்லுங்க.

ஆவடி: சுங்குடியில சாயம் போகுது. கல் உப்பு போட்டா நிக்குமா?

நிக்காது. சாயம் முக்கும்போது சாயத்தை நூல்ல ஏத்தத்தான் உப்பு உதவும். முக்கி முடிச்ச துணியில ஒட்டாம இருக்கிற சாயம் வெளிய போய்த்தான் ஆகணும். தண்ணி தெளியற வரைக்கும் தனியா அலசுங்க. வெள்ளை லைனிங்கோட சேர்த்துத் தைக்கிறதா இருந்தா கட்டாயம்.

குரோம்பேட்டை: ரெண்டு கையும் வெட்டிட்டேன், வெச்சுப் பார்த்தா ரெண்டுமே வலது கை!

ஒரே பக்கமா ரெண்டு தடவை வெச்சு வெட்டியிருக்கீங்க. நல்ல பக்கம் உள்ள இருக்கிற மாதிரி துணியை ரெண்டா மடிச்சு, ரெண்டு கையையும் ஒண்ணா வெட்டணும். முன்பக்கக் கைக்குழி கொஞ்சம் அதிகமா குடைஞ்சு இருக்கும், அந்த இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வைங்க. உள்வெளி தெரியாத பிளெய்ன் துணின்னா ஒரு கையைத் திருப்பிப் போட்டாலே போதும்.

தண்டையார்பேட்டை: 'மீண்டும் மஞ்சப்பை' வந்ததுல இருந்து பை தைச்சுத் தர்றேன். அஞ்சு கிலோ அரிசி போட்டா கைப்பிடி பிய்ஞ்சு வருது. பொடித் தையலாத்தான் போட்டேன்.

பொடித் தையல்தான் காரணம். கிட்டக் கிட்ட ஊசி இறங்கினா தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசை விழுந்து, பாரம் ஏறினதும் அந்தக் கோட்டுலயே கிழியும். இன்ச்சுக்கு 8-ல இருந்து 10 தையல் போதும். கைப்பிடிக்கு 4 இன்ச் அகலப் பட்டையை நாலு மடிப்பா மடிச்சு 1 இன்ச்சா ஆக்குங்க. வாயோரம் மட்டும் பிடிக்காம, 1½ இன்ச் உள்ள இறக்கி, கட்டம் போட்டு நடுவுல குறுக்கே எக்ஸ் அடிங்க. உள்பக்கம் 2 இன்ச் சதுரத் துண்டு ஒண்ணு வெச்சுத் தைச்சா பாரம் பரவும். கனமான காடாவுக்கு 16-ம் நம்பர் ஊசி.

போரூர்: மிஷின் கடகடங்குது, தேங்காய் எண்ணெய் விட்டேன், இப்ப சுத்தவே மாட்டேங்குது.

தேங்காய் எண்ணெய் பிசினா இறுகிடும். சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாம். துளைகள்ல ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையால சக்கரத்தைச் சுத்தி, வர்ற அழுக்கைத் துடைச்சு எடுங்க. அப்புறம் தையல் மிஷின் எண்ணெய் மட்டும். கடைசியா பழைய துணியில ஓட்டிப் பாருங்க, இல்லாட்டி பட்டுல கறை விழும்.

தாம்பரம்: ஃபால்ஸ் தைச்ச புடவை அடியில அலை அலையா நிக்குது.

ஃபால்ஸை நனைச்சீங்களா? காட்டன் ஃபால்ஸ்னா அதுவும் சுருங்கும். நனைச்சுத் தேய்ச்சுத் தைங்க. முந்தானைப் பக்கம் இல்லாம, உள்ள சொருகுற முனைப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.

கொளத்தூர்: ஸ்கிரீன் துணி துவைச்சதும் தரையில இருந்து மூணு இன்ச் ஏறிடுச்சு, ஏன்?

நனைக்கலை. மேல மூணு இடத்துல எழுதியிருக்கேன், தயவுசெஞ்சு படிச்சிட்டுக் கேளுங்க. அடி மடிப்புல துணி இருந்தா பிரிச்சு இறக்கலாம்.

மயிலாப்பூர்: அளந்துட்டேன் அக்கா. அகலம் அப்படியே 10. நீளம் 9⅝. இதுக்கா இவ்வளவு?

இதுக்குத்தான் தம்பி. 14 இன்ச் உயரத்துக்கு அது அரை இன்ச். வேளச்சேரிக்காரங்க பிளவுஸ்ல தொங்கறதும் அந்த மாதிரி அளவுதான்.

மயிலாப்பூர்: லைனிங்கை வெட்டி வெச்சுட்டேனே. தூக்கிப் போடணுமா?

வேண்டாம். துண்டுகளோட ஓரத்துல கால் இன்ச் உள்ள நீளத் தையல் ஒண்ணு ஓட்டிட்டு நனைங்க, நூல் பிரியாது. கொடியில தொங்கவிடாம தட்டையா விரிச்சுக் காய வைங்க, கைக்குழி வளைவு இழுபடும். தேய்ச்சதும் ஓட்டின தையலைப் பிரிச்சிட்டு, தோளைச் சேர்த்து மேல் துணி மேல வெச்சுப் பாருங்க. கீழ பட்டை ஒரு இன்ச் உள்ள மடிக்கிறதா இருந்தா, அரை இன்ச் குறைஞ்ச லைனிங்கும் அந்த மடிப்புக்குள்ள மாட்டிக்கும். டாட், அதாவது மார்புப் பக்கம் பிடிக்கிற மடிப்புத் தையல், அதோட புள்ளியும் மேல ஏறியிருக்கும், பழைய குறியை நம்பாம பட்டுல இருக்கிற குறியைப் பார்த்து மறுபடி போடுங்க.