சீரகத்தளவு அக்கறை

கேள்வி: ஸ்பானியத் தொடர் ஒன்றில், தந்தை கண்டித்துக்கொண்டிருக்கும்போதே மகன் ‘மே இம்போர்த்தா உன் பெப்பீனோ’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். ‘பெப்பீனோ’ என்றால் வெள்ளரிக்காய் என்கிறது அகராதி. சண்டைக்கு நடுவில் வெள்ளரிக்காய் எப்படி வந்தது? (வாசகர், திருச்சி)

பதில்: ‘அது எனக்கு ஒரு வெள்ளரிக்காய் அளவுக்குப் பொருட்டு’ என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள், ‘எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை’ என்பது கருத்து. அதில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அக்கறை உண்டு என்று ஒப்புக்கொள்வதுபோல் தொடங்கி, அதன் மதிப்பைத் தோட்டத்துக் காய் ஒன்றின் விலைக்கு இறக்கிவிடுவதில்தான் குத்தல் இருக்கிறது. வெள்ளரிக்காய் இருக்கும் இடத்தில் முள்ளங்கியை (ராபானோ), குடைமிளகாயை (பிமியெந்தோ), சீரகத்தை (கொமீனோ) வைத்தாலும் பொருள் மாறுவதில்லை. சிலர் ‘மூன்று சீரகம்’ என்று தாராளமும் காட்டுவார்கள். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது ‘ப்ளேதோ’. அது நம் தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த, விதைக்காமலே முளைக்கிற ஒரு கீரை. மதிப்பற்றது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உவமை அமைவது கடினம்.

இச்சொற்றொடரின் தொடக்கத்தில் நிற்கும் ‘மே’ என்பது ‘எனக்கு’. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் இந்த அமைப்பில் தடுமாறுவார்கள். ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தெரியும்’ என்று பேசிப் பழகிய நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ‘மே தா இகுவால்’ என்று எங்கும் சொல்லலாமா? மரியாதைக் குறைவாகிவிடாதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ‘எனக்கு எல்லாம் ஒன்றுதான்’ என்னும் இத்தொடர் தன்னளவில் குற்றமற்றது. காபியா, தேநீரா என்று கேட்பவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒருவர் தம் மனக்குறையைச் சொல்லி முடித்ததும் இதையே சொன்னால் முகத்தில் அடித்தது போலிருக்கும். வெள்ளரிக்காயையும் சீரகத்தையும் மேலதிகாரியிடம் கொண்டு போகவே வேண்டாம்.

உண்மையில் எச்சரிக்கை தேவைப்படுவது ‘மே வாலே’ என்ற சிறு தொடருக்குத்தான். ‘ஐந்து மணிக்குச் சந்திக்கலாமா?’ என்று கேட்டால், மத்ரித் நகரத்தவர் ‘எனக்குச் சரிப்படும்’ என்ற பொருளில் ‘மே வாலே’ என்பார். மெக்சிகோக்காரர் காதில் அதுவே ‘எனக்கென்ன வந்தது’ என்று விழும்; அங்கே அது கொச்சையான ஒரு நீண்ட தொடரின் சுருக்கம், அந்த நீண்ட வடிவத்தை இந்தப் பக்கத்தில் அச்சிடுவதற்கில்லை.

ஸ்பெயினில் ‘பசார்’ என்ற வினையும் இப்பொருளில் வழங்குகிறது. ‘பாசோ’ என்றால் ‘நான் இதில் இல்லை’. சீட்டாட்டத்தில் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பவர் சொல்வதும் அதே சொல்தான். 1975இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ மறைந்ததை அடுத்த ஆண்டுகளில், அரசியல் உட்பட எதிலும் பட்டுக்கொள்ளாமல் திரிந்த இளைஞர்களுக்கு இவ்வினையிலிருந்தே ‘பசோத்தா’ என்று பெயர் வந்தது.

கேள்வி: ‘எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல’ என்பதற்கு ஸ்பானியத்தில் இணை உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மழை உண்டு, எருமை இல்லை. ‘கோமோ கியென் ஓயே யோவேர்’ என்றால் ‘மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் போல’. நம் எருமை நனைந்தும் அசையாது நிற்கிறது. ஸ்பானியரோ வீட்டுக்குள் அமர்ந்து, எதிரில் இருப்பவர் பேசுவதை வெளியே பெய்யும் மழையின் ஓசையாக எண்ணிக்கொள்கிறார். நனைவதன் பக்கம் வருவது ‘மே ரெஸ்பாலா’. ‘என்மேல் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது’ என்று பொருள்.

‘ஆவது ஆகட்டும்’ என்று துணிந்து இறங்குபவர் ‘சூரியன் அந்தெக்கேராவில் உதிக்கட்டும்’ என்பார். தென் ஸ்பெயினில், கிரனாடா நகரிலிருந்து பார்த்தால் அந்தெக்கேரா என்னும் ஊர் மேற்கே இருக்கிறது. மேற்கே உதிக்கும் சூரியனை நாம் ‘அது நடந்தாலும் நான் மாறமாட்டேன்’ என்று வீம்புக்கு இழுக்கிறோம். அவர்கள் அது எங்கே உதித்தாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள்.